பலகை ஓரத்துப் பூ

— இதுவும் வேணாங்க, ஷிபான் நானா.

— இனி நான் எனத்தக் காட்டுற, தங்கச்சி? கம்ப்யூட்டர்ல ஈக்கிற தமிழ் எழுத்தெல்லாம் காட்டி முடிஞ்சி. கல்யாணக் கார்டு எழுத்து, கோயில் நோட்டீஸ் எழுத்து, எலக்‌ஷன் போஸ்டர் எழுத்து. ஒண்டும் உங்களுக்குப் புடிக்கல்ல.

— கோவிச்சுக்காதீங்க. எல்லாம் லட்சணமாத்தான் இருக்கு. ஆனா எங்கம்மா பேர அதுல பாத்தா, பேங்குல இருந்து வந்த கடிதம் மாதிரி இருக்குங்க.

— கல்லு ரெடி. நல்ல கருங்கல்லு, ஒரு கீறல் இல்ல. எழுத்து மட்டும்தான் பாக்கி. ஆடி அமாவாசைக்கு முந்தி சமாதியில வைக்கோணும் என்டு நிக்கிறதும் நீங்கதான். பேர இன்னொருக்காச் செல்லுங்க.

— இராக்கம்மா. அது மட்டும் போதும். பொறந்த தேதி அவுங்களுக்கே தெரியாது. செத்த தேதிய நான் கல்லுல வேற பாக்கணுமா?

— சரி. எழுத்து எப்பிடி ஈக்கோணும் என்டு வாயாலயாவது செல்லுங்க. குண்டா, ஒல்லியா, சாய்வா?

— சொல்லத் தெரியலீங்க. வாசலுக்கு வாங்க, காட்டுறேன்.

— மழை தூறுதே.

— தூறட்டுங்க. அந்தா, ரோட்டுக்கு அந்தப் பக்கம், பூட்டிக் கெடக்கே மருந்துக் கடை, அந்தப் பச்சை போர்டு. அதுல தமிழ்ல எழுதியிருக்கு பாருங்க. அந்த எழுத்துதான் வேணும்.

— தங்கச்சி, அந்த எழுத்துல நீங்க எனத்தக் கண்டீங்க?

— ஏங்க?

— செல்லுங்க. பொறகு நான் ஒண்டு செல்றன்.

— 'மருந்து'ங்கிறதுல அந்த கடைசி எழுத்த பாருங்க. கோடு முடியிற எடத்துல சின்னதா ஒரு குண்டு நிக்குது. மொதல்ல பெயின்ட் வழிஞ்சிருச்சின்னு நெனச்சேன். வழியல. ஒவ்வொரு எழுத்து முடியிற எடத்துலயும் அது இருக்கு. எழுத்து அவுந்து ஓடிப் போயிராம கட்டி வச்ச மாதிரி.

— இன்னும்?

— புள்ளி. அந்த 'ந்' மேல புள்ளி வட்டமா இல்லீங்க. குறுக்கால ரெண்டு கோடு.

— அல்லாஹ்வே. இன்னும்?

— அவ்வளவுதாங்க எனக்குத் தெரிஞ்சது. நான் தேயிலைத் தோட்டத்துல, பிள்ளை மடுவத்துல பிள்ளைங்கள பாத்துக்கிறவ. சின்னதுங்களுக்கு மண்ணுல 'அ'னா போட்டுக் காட்டுறதோட சரி.

— அப்ப நான் செல்றன், கேளுங்க. அந்த எழுத்தெல்லாம் இடப்பக்கம் சாயுது. லேசாத்தான், காத்தடிச்சி வயல் சாயிற மாதிரி. கையால எழுதுற எழுத்து சாஞ்சா, மிச்சம் வலப்பக்கம்தான் சாயும். இது மத்தப் பக்கம். எழுதின ஆள் இடக்கை என்டு நான் சத்தியம் பண்ணுவன். ஸ்கூல் விட்டு வார நேரம் வாப்பாட கடைக்குப் போகாம இந்த போர்டுக்குக் கீழ நின்டு அண்ணாந்து பாப்பன். இந்தத் தொழிலுக்கு நான் வந்ததே இதாலதான்.

— மெய்யாவா நானா?

— வேற ஒருத்தர்ட்டயும் இத நான் செல்லல்ல. பைத்தியம் என்டுவாங்க. இந்த எழுத்தக் கம்ப்யூட்டர்ல கொண்டு வரப் பாத்தன். குண்ட வச்சன், சாச்சன், எல்லாம் செஞ்சன். உசிரு மட்டும் வரல்ல. அந்த வளைவு சரியான வளைவு இல்ல, தெரியுமா? கிட்டப் போய்ப் பாத்தா படிப்படியா இறங்கும். இந்தியாவுல ஈந்து வந்த ஆரோ ஒரு பெரிய ஆர்ட்டிஸ்ட் என்டு நெனச்சி, மௌத்தாகி ஈப்பார் என்டு விட்டுட்டன். நீங்க ஏன் இத வேணும் என்டு நிக்கிறீங்க? அதச் செல்லுங்க மொதல்ல.

— எங்கம்மா கைநாட்டுங்க. கைபட்ட எழுத்துன்னு வீட்டுல ஒண்ணு கெடையாது. போட்டோவும் ஐடென்டி கார்டுல உள்ளதுதான், அதுலயும் பாதி மொகம் அழிஞ்சி போச்சு. ஆனா அந்தப் பொம்பள டவுனுக்கு வந்தா, சில போர்டு முன்னாடி அப்பிடியே நின்னுரும். எல்லாத்துக்கும் இல்ல. இந்த எழுத்து உள்ளதுக்கு மட்டும்.

— வாசிக்கத் தெரியாத மனிசியா?

— ஒரு எழுத்துத் தெரியாது. கைக்கு எட்டுற ஒயரத்துல போர்டு இருந்தா இடது கை வெரலால எழுத்தத் தடவும். எங்கம்மாவும் ஒங்க ஆர்ட்டிஸ்ட் மாதிரி இடக்கைதான். தடவி முடிச்சி வெரல வாய்க்கிட்ட கொண்டு போகும். சாமி படத்தத் தொட்டு முத்துவாங்களே, அது மாதிரின்னு நெனச்சிக்குவேன். அப்புறம் ஒரு சிரிப்பு. "பதுள பூரா நம்ம கடைதான்டி"ன்னு சொல்லும்.

— ஏன் என்டு நீங்க கேக்கல்லயா?

— கேட்டிருக்கேன். நெஞ்சத் தட்டிக் காட்டிட்டு நடந்திரும். அவுங்க வாய் தொறந்து பேசுறது அபூர்வங்க. காலையில பெரட்டுல எல்லாரும் வரிசையா நிக்க, கங்காணி பேர் கூப்பிடுவாரு. மத்தவங்க "இருக்கேன்"ம்பாங்க. எங்கம்மா நெஞ்சுல ரெண்டு தட்டு தட்டும், அவ்வளவுதான். கங்காணி அதப் பாத்துத்தான் பேர் போடுவாரு. அந்த அளவுக்குப் பேச்சு. இப்பப் பேச்சும் இல்ல, போட்டோவும் இல்ல. அவுங்க ஆசையா நின்னு பாத்த எழுத்தாவது தல மாட்டுல இருக்கட்டும்னுதான் கேக்குறேன்.

— சரி. நான் ஒரு வழி செல்றன். போனால போட்டோ புடிப்பம். ஒவ்வொரு போர்டுல ஈந்தும் ஒவ்வொரு எழுத்து. இந்தக் கடையில 'ம' ஈக்கி. 'க' வேற எங்கயாவது கிடைக்கும். 'ரா' தேடோணும். எல்லாத்தயும் ஒட்டி உங்கட உம்மாட பேர எடுத்துரலாம்.

— 'இ'னாவுக்கு எங்க போவீங்க?

— அதுதான் கஷ்டம். 'இ'னாவுல தொடங்குற கடை எங்க ஈக்கி? ஆனா தேடுவம்.

— தேட வேணாங்க. எழுதின ஆளு உசிரோட இருக்காரு.

— எனத்த?

— போன கெழம தெமோதர ஸ்டேஷனுக்குப் போற எறக்கத்துல ஒரு ரொட்டிக் கடையில பாத்தேன். புது போர்டு. கிட்டப் போனா பெயின்ட் வாசம் இன்னும் போகல. அதே குண்டு, அதே சாய்வு. பஸ் வந்திருச்சி, நின்னு விசாரிக்க முடியல. அதான் காலையிலயே இங்க வந்தேன். தனியாப் போயிக் கேக்க கூச்சம். நீங்க இந்தத் தொழில்காரர்.

— இத மொதல்லச் செல்ல மாட்டீங்களா? ரெண்டு மணித்தியாலமா எலக்‌ஷன் எழுத்துக் காட்டிட்டு ஈக்கன் நான். றில்வான், கடையப் பாத்துக்கோ. தங்கச்சி, வாங்க, த்ரீவீலர்ல ஏறுங்க.

— மெதுவா ஓட்டுங்க நானா. ரோடு ஈரமா இருக்கு.

— மெதுவாத்தான் ஓட்டுறன். போர்ட் பாக்கோணுமே. இடப்பக்கம் நீங்க பாருங்க, வலப்பக்கம் எனக்கு.

— அந்தா ஒண்ணு. சலூன்.

— ஓ, அவர்ட கைதான். 'லூ'ட வால்ல குண்டு தெரியுதா? சுப்ஹானல்லாஹ். இந்த ரோட்டுல நான் எத்தின தரம் பெய்த்திருப்பன், சலூன்ல தலமயிரும் வெட்டி ஈக்கன். கண்டதில்ல.

— அங்க பாருங்க, டயர் கடை. அதுக்கு அடுத்து அரிசி ஆலை. ரெண்டுலயும் இருக்கு. இவ்வளவு நாளு பஸ்ஸுல இதுக்கு நடுவுலயே போய் வந்திருக்கேங்க. ஒரு பக்கமா தேடிப் பாத்தாத்தான் தெரியுது, ரோடு பூரா அந்த எழுத்துத்தான்.

— ஒரே மனிசன்ட கையெழுத்துக்குள்ள நாங்க ஊர்ல குடியிருந்திருக்கம்.

— ஹாலிஎல வந்திருச்சி. அந்த பழக்கடை கிட்ட நிப்பாட்டுங்க. 'க' இருக்கு, நம்ம அம்மா பேருக்கு வேணுமே.

— நிப்பாட்டினன். எடுங்க போட்டோ. தங்கச்சி, நில்லுங்க, நில்லுங்க. அந்த 'ழ'வப் பாருங்க.

— ஏன், அதுக்கென்ன?

— அது மட்டும் வேற ஆளு. 'ப' சாயுது. 'க' சாயுது. 'டை'யும் சாயுது. 'ழ' மட்டும் ஸ்கூல் புத்தகத்துல ஈக்கிற மாதிரி நிமிந்து நிக்கிது. குண்டும் இல்ல ஒண்டும் இல்ல.

— ஆமாங்க. சொந்தக்காரங்க கூட்டத்துல வேத்தாளு மாதிரி.

— அங்க எதிர்ல 'ஹோட்டல்' என்டு ஈக்கே, அதுல 'ஹ'வப் பாருங்க. அதுவும் அப்பிடித்தான். மத்ததெல்லாம் அவர்ட எழுத்து, இந்த ரெண்டும் எங்கயோ பாத்து எழுதின எழுத்து. இவ்வளவு கை ஈக்கிற மனிசனுக்கு ஒரு 'ழ' வராதா? எனக்கு விளங்கல்ல.

— நானா, இதக் கவனிச்சீங்களா? கடைசில, வலது மூலையில. சின்னப் பூ.

— அது தெரியும். நாலு இதழ். அது அவர்ட கையெழுத்து. ஆர்ட்டிஸ்ட்மார் அப்பிடித்தான், பேர் போடாம அடையாளம் வைப்பாங்க. எல்லா போர்டுலயும் ஈக்கி.

— ஆனா இந்த போர்டுல மேல சிங்களமும் இருக்கு, நடுவுல தமிழ், கீழ இங்கிலீஷ். கையெழுத்துன்னா எல்லாத்துக்கும் கீழ, கடைசில தானங்க போடணும். பூ நடுவுல நிக்குது. தமிழ் வரி முடியிற எடத்துல.

— ஓ. மெய்தான்.

— மருந்துக் கடையிலயும் அப்பிடித்தான், இப்ப ஞாபகம் வருது. சிங்களத்துக்குப் பக்கத்துல பூ இல்ல. தமிழுக்கு மட்டும்.

— தங்கச்சி, நீங்க இனி என்ட கடைக்கு வராதீங்க. கஸ்டமர் எல்லாரும் உங்களப் போல பாக்கத் தொடங்கினா நான் கடையப் பூட்டோணும்.

— எங்கம்மா அந்தப் பூவுலதான் வெரல வச்சி நிக்கும். எழுத்தத் தடவிட்டுக் கடைசில அதுக்கு வரும். ஏறுங்க நானா, போவோம். எனக்கு இங்க நிக்க முடியல.

— அழாதீங்க. இந்தா, தெமோதரைக்குக் கால் மணித்தியாலம் கூட எடுக்காது.

— அழலீங்க. அவுங்க அப்பிடி என்னதான் பாத்தாங்கன்னு தெரியாமலே போயிருச்சேன்னு இருக்கு. அந்த மனுசனப் பாத்தா ஒருவேள தெரியும்.

— தெரியல்ல என்டாலும் பேர எழுதி வாங்கிட்டு வருவம். ரொட்டிக் கடை இதுதானா?

— இதேதான்.

— நீங்க இருங்க, நான் இறங்கிக் கேட்டுட்டு வாறன்.

— என்ன நானா, மொகம் ஒரு மாதிரி இருக்கு? செத்துட்டாரா?

— இல்ல, இல்ல. இந்தப் படிக்கட்டால மேல ஏறினா நாலாவது வீடு. வயசான ஆள், இப்பதான் தண்ணி புடிச்சிட்டுப் போனாராம். பேர் சோமதாச.

— சிங்களவரா?

— அதுதான் எனக்கும் விளங்கல்ல. வாங்க, ஏறுவம்.

— சோமதாச ஐயா இருக்காரா? ஐயா?

— ஆரு அது? வாங்க, வாங்க, நனைய வேணாம். உள்ள வாங்க. நா தமிழ் கொஞ்சம் கொஞ்சம் பேசும். உக்காருங்க துவே, மகளே. தே தண்ணி குடிக்கும் தானே?

— அய்யா, நான் பதுளையில போர்ட் கடை வச்சீக்கிற ஷிபான். இவ கலாராணி, பக்கத்துத் தோட்டம். கீழ ரொட்டிக் கடை போர்ட், ஹாலிஎல பழக்கடை, பதுளையில பச்சை மருந்துக் கடை, இதெல்லாம் எழுதினது நீங்களா?

— நா தான். ஏன், பெயின்ட் கழண்டு போச்சா?

— ஒண்டும் கழரல்ல. உங்கட கையக் கொஞ்சம் தாங்க. நான் புடிச்சிப் பாக்கோணும். சின்ன வயசுல ஈந்து தேடுற கை.

— அனே, இது பழைய கை. பாக்க என்ன இருக்கு.

— நானா, இவரு வலது கையத்தான நீட்டுறாரு.

— அதுதான் நானும் பாத்தன். அய்யா, நீங்க எழுதுறது எந்தக் கையால?

— இந்தக் கை தான். பாருங்க, பெயின்ட் இன்னும் இருக்கு. இடது கைக்கு டப்பா புடிக்கத் தான் தெரியும்.

— அப்ப எழுத்து ஏன் இடப்பக்கம் சாயுது?

— சாயுதா? நா சாய்க்க இல்லே. அது அப்பிடித் தான் தமிழ் எழுத்து. நா பாத்தது அப்பிடித் தான்.

— ஐயா, தமிழ் எங்க படிச்சீங்க?

— படிக்க இல்லே துவே. பேச்சு, தோட்டத்து ஆளுங்க கூட வேலை செஞ்சு வந்தது. எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு எழுத்துத் தெரியாது.

— எனத்த செல்றீங்க? இவ்வளவு போர்ட் எழுதி ஈக்கீங்களே!

— கடைக்காரர் துண்டுல எழுதிக் குடுக்கும். நா அந்தத் துண்டு பாத்து, எந்த எழுத்து எந்த எழுத்து எண்டு என்ட மனசுல தேடும். அதே மாதிரி ஒண்ணு மனசுல இருக்கு தானே, அத நா பலகையில போடும். உருவம் தான் எனக்குத் தெரிஞ்சது. சத்தம் தெரியாது.

— அந்த உருவமெல்லாம் மனசுக்கு எங்க இருந்து வந்துச்சி, ஐயா?

— சாக்குல இருந்து.

— சாக்கா?

— கொழுந்து சாக்கு. நா அப்ப சின்ன வயசு. அந்தா, அந்த மலைக்கு அந்தப் பக்கம் பெக்டரி தெரியுது தானே? அது கூரைக்கு சிவப்புப் பெயின்ட் அடிக்கப் போனது. ஒரு மழைக்காலம் முடியுற வரைக்கும் வேலை. மேல இருந்து பாத்தா கீழ முற்றம். பகலுக்குப் பொம்பளைங்க கொழுந்து கொண்டு வந்து கொட்டும், சாக்கு எல்லாம் விரிச்சுப் போட்டுக் காய வைக்கும். ஒவ்வொரு சாக்குலயும் எழுத்து. நூல்ல தச்ச எழுத்து. சிவப்பு நூல், பச்சை நூல். மாறிப் போகாம இருக்கப் பேர் தச்சு வச்சது தானே. கூரைக்கு மேல இருந்து அத நா பாத்தா… எப்பிடிச் சொல்றது, எனக்கு வேலை நிண்டு போச்சு. பிரஷ் கையில இருந்து விழுந்தது, பெரிய மாத்தயா கிட்ட ஏச்சு வாங்கினது. அவ்வளவு அழகு எழுத்து நா பாத்ததே இல்லே.

— நூலா? நானா, அந்தக் குண்டு…

— முடிச்சி. நூல் முடியிற எடத்துல போடுற முடிச்சி. யா அல்லாஹ். வளைவு படிப்படியா இறங்குறது சாக்குட நெசவு. புள்ளி குறுக்குத் தையல். நான் கம்ப்யூட்டர்ல எத வளைச்சன், எத வளைச்சன் என்டு…

— அது எங்க தோட்டத்துப் பெக்டரிதாங்க. நான் பொறந்த காலத்துல நைலான் பை வந்திருச்சி, நம்பர் அடிச்சது. சாக்குல பேர் தச்ச கதை எனக்கு யாருமே சொன்னதில்ல.

— அப்ப 'ழ' ஏன் வேற மாதிரி, அய்யா? பழக்கடைல ஈக்கே, அந்த எழுத்து. 'ஹ'வும்.

— ஆ, நீங்க அதும் பாத்தீங்களா? அது ரெண்டும் சாக்குல இல்லே. எவ்வளவு தேடினது. எல்லாச் சாக்கும் பாத்தது, இல்லே. பொறகு பஸ் போர்ட் பாத்து எழுதினது. அது எனக்குப் புடிக்காது.

— எப்பிடி இருக்கும்! கருப்பம்மா, அஞ்சல, ராஜம்மா, சரசு, இருளாயி. நம்ம லயத்துப் பொம்பளைங்க பேர்ல 'ழ'னா ஏதுங்க? 'ஹ'னா ஏது? அந்த ரெண்டு எழுத்த விட்டுட்டு மிச்சம் இவ்வளவு ஊர் போர்டும் அவுங்க பேர்ல இருந்து எடுத்ததா, நானா? நம்ம பெரட்டுல நின்ன பொம்பளைங்க பேர்ல இருந்து?

— ஓ தங்கச்சி, அப்பிடித்தான். அய்யா, எல்லாப் பொம்பளையும் ஒரே மாதிரித் தச்சீப்பாங்களா?

— இல்லே. ஒரு ஆள் தான் தச்சது. பகல் சாப்பாட்டுக்கு எல்லாரும் குந்தினா, அவ மட்டும் ஊசியோட இருக்கும். ஸ்கூல் போற பிள்ளைங்க கரியால சாக்குல பேர் எழுதிக் குடுக்கும், அவ அந்தக் கோட்டு மேல தச்சிட்டுப் போகும். அவளுக்கும் வாசிக்கத் தெரியாது எண்டு நினைக்கிறேன், என்ன மாதிரி. சில நேரம் சாக்கத் தலைகீழாப் புடிச்சுத் தச்சா. ஆனா கை! இடது கை.

— இடது கை.

— ஓவ், இடது கை. ஒவ்வொரு எழுத்து முடிச்சதும் முடிச்சுப் போட்டு, நூல வாய்க்குக் கொண்டு போய்ப் பல்லால கடிக்கும். அப்பிடி. டக் எண்டு.

— தங்கச்சி, இருங்க. நிக்க வேணாம், இருங்க. தண்ணி குடிங்க.

— விடுங்க நானா. ஐயா, நீங்க சொல்லுங்க. அவுங்க கிட்டப் பேசினீங்களா?

— எங்க பேசுறது. அவ பேசாத ஆள். எனக்கு அப்ப தமிழும் வராது. கடைசி நாள் வேலை முடிஞ்சு இறங்கினேன். மத்தச் சாக்குல எல்லாம் நாலு அஞ்சு எழுத்து. அவ சாக்குல மட்டும் ஒண்ணு தான் இருந்தது. சின்னதா, நாலு பக்கம் இதழ் மாதிரி. அது என்ன எழுத்து எண்டு எனக்கு ஆசை. வேற ஒரு சாக்குலயும் அது இல்லே. நா கிட்டப் போய், விரலால அதத் தொட்டுக் காட்டி, என்ன எண்டு கையால கேட்டேன்.

— என்ன சொன்னாங்க?

— ஒண்ணும் சொல்ல இல்லே. என்னப் பாத்துச் சிரிச்சா. இந்த மாதிரி, நெஞ்சுல ரெண்டு தரம் தட்டினா.

— நெஞ்சுல.

— ஓவ். நா விளங்கிக்கிட்டேன், அது உங்க ஆளுங்களுக்குப் பெரிய எழுத்து, நெஞ்சுல இருக்கிற எழுத்து எண்டு. சாமி எழுத்து மாதிரி ஏதாவது இருக்கும் தானே. அது போடாம விட்டா பாவம். அதால தமிழ் எழுதுற எந்தப் போர்டுக்கும் கடைசியில அத நா போடுறது. ஹல்துமுல்லை வரைக்கும் போட்டிருக்கேன். கடைக்காரர் ஒருத்தரும் வேணாம் எண்டு சொன்னதில்லே, அப்ப சரி தானே?

— எல்லாரும் அது உங்கட கையெழுத்து என்டு நெனச்சிட்டு ஈந்த, அய்யா. நானும்தான்.

— என்டயா? அனே இல்லே. நா எதுக்கு என்ட பேர் போடுறது.

— பதுள பூரா நம்ம கடைதான்டின்னு சொல்லுமே நானா. சிரிச்சிக்கிட்டே சொல்லுமே. நான் வெளையாட்டுன்னு நெனச்சேனே.

— அழுங்க தங்கச்சி. இப்ப அழுங்க. நானும்தான் அழுறன்.

— ஏன், என்ன ஆச்சு? நா ஏதாவது பிழையாச் சொன்னதா? அந்த எழுத்துப் பிழையா?

— பிழையில்ல அய்யா. தங்கச்சி, கல்லுல பேர் எழுதத்தானே வந்தம். அய்யாட்டச் செல்லவா? 'இ'னா இவருக்குத் தெரியும், இருளாயிட சாக்குல பாத்திருப்பாரு.

— வேணாங்க நானா. அந்த அஞ்சாறு எழுத்து வேணாம். ஐயா, கறுப்புக் கல்லு ஒண்ணு இருக்கு. அதுல அந்தப் பூவ மட்டும் ஒங்க கையால எழுதித் தருவீங்களா? நானா அதுக்கு மேல வெட்டிக்குவாரு.

— அது மட்டுமா? முன்னால ஒண்ணும் இல்லாம? அப்பிடி நா எழுதினதே இல்லே. எழுதித் தாறேன், அதுக்கென்ன. ஆனா துவே, உங்க கிட்ட ஒண்ணு கேக்கவா? இத்தன வருசமா நா அத எழுதுறது, ஆர்கிட்டயும் கேக்க வெக்கம். அந்த எழுத்து, தமிழ்ல எப்பிடிச் சொல்றது?

— இராக்கம்மான்னு சொல்றதுங்க, ஐயா.